கால்வாயில் விட்ட துணிகள்

மகளே, போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாய், "யப்பா, அந்த மழை வருசம் எவ்வளவு நல்லா இருந்துச்சு! வீடு முழுக்கக் கலர் கலரா சேலை விரிச்சு, அதுமேல நெல்லு பரப்பியிருந்தியளே. நானும் தம்பியும் காலால கோடு போட்டு விளையாடினோம்லா." தம்பியும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினான். நான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டேன். அப்பா ஏன் எழுந்து போனார்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள். "அவுகளே சொல்லுவாவ" என்று அவள் சொல்லிவிட்டாள். வாயால் சொன்னால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அந்தச் சேலைகள் யாருடையவை, எப்படி நம் வீட்டுக்கு வந்தன என்று தெரிந்துகொண்டு, பிறகு நல்லா இருந்தது என்று சொல்லுங்கள்.

அந்தப் புரட்டாசியை நீங்கள் போர்வைக்குள் இருந்து பார்த்தீர்கள். மற்ற வருசங்களில் புரட்டாசி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாரல் காற்று நின்றுபோய், ஐப்பசி மழை வருவதற்கு முன்னால் இருக்கிற மாதம். வெயில் முதுகை உரிக்கும். கார் நெல் அறுக்க அந்த வெயில்தான் வேண்டும். அந்த வருசம் மாதம் பிறந்ததிலிருந்து சூரியனையே காணோம். விடிந்தாலும் விடியாத மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையும் இல்லை. நசநச என்று பெய்யும், நிற்கும், நாம் துணியை எடுத்துக் கொடியில் போட்டதும் மறுபடி பெய்யும். மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை.

ஃபேனை நிறுத்திவிட்டுத் தூங்கினோம். டவுன் பஸ்ஸில் ஆண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டும் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். தீக்குச்சியை உரசினால் மருந்து பிய்ந்துகொண்டு வந்தது. ஆணியில் மாட்டியிருந்த என் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பிடித்தது. உங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு, அம்மா சுட்ட பஜ்ஜி, கேட்க வேண்டுமா? டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, "ஊட்டி மாதிரி இருக்குல்லா!" ஊட்டியில் நெல் விளையுதா என்று கேட்டேன். "இவன் ஒருத்தன், எதுக்கெடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு" என்று டீ ஆற்றுகிறவர் சொன்னார்.

என் மூஞ்சி ஏன் அப்படி இருந்தது என்றால், நம் வயல் அறுப்புக்கு நின்றது. வயல் நமக்குச் சொந்தமில்லை, பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறோம். ஐப்பசியில் நட்டு மாசியில் அறுக்கிற பிசானத்தில் விளைகிற நெல் பாட்டத்துக்கும் உரத்துக்கும் போய்விடும். புரட்டாசியில் அறுக்கிற இந்தக் காரில் விளைகிறதுதான் நம் வீட்டுச் சோறு. அது வீடு வந்து சேர்ந்தால் அடுத்த கார் வரைக்கும் அரிசிக்கடைப் பக்கம் போக வேண்டாம். கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. வயலில் தண்ணீரை வடித்துவிட்டுத் தரை இறுகட்டும் என்று காத்திருந்தேன். அறுப்பு மிஷின்காரர் போனில் சொல்லிவிட்டார், "அண்ணாச்சி, சேத்துல இறக்க மாட்டேன். மிஷினும் அமுங்கிரும், நெல்லும் மண்ணாப் போயிரும். கொஞ்சம் வெட்டாப்பு விடட்டும்." மழை ஓய்ந்து தெளிகிற அந்த வெட்டாப்புக்குத்தான் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கால்வாயிலிருந்து நம் பக்கத்து வயல்களுக்கெல்லாம் தண்ணீர் வருகிற வழி அது. ஒரு இரும்புப் பலகை இருக்கும். மேலே இருக்கிற கம்பியைத் திருகினால் பலகை ஏறும், இறங்கும். நமக்குக் கீழே பிந்தி நட்ட வயல்கள் சில இருந்தன. அவற்றுக்காகப் பலகையை ஒரு சாண் தூக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் நம் வயலை ஒட்டின வாய்க்காலில் அடக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மழை வலுத்தால் பலகையை இறக்கி அடைத்துவிட வேண்டும். அதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு ஆள் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் செய்கிற வேலை.

அமாவாசை வந்தது. புரட்டாசி அமாவாசைக்குச் சீவலப்பேரியில் ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம் வரும், செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதற்கு. அந்த வருசம் மேலே பெய்த மழையில் ஆறு செங்கல் நிறத்தில் கரையை உரசிக்கொண்டு போனது. யாரும் இறங்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். வந்த கூட்டம் திரும்பிப் போகுமா? நம் கால்வாயில், மடைக்குச் சற்று மேலே இருக்கிற படித்துறைக்கு வந்துவிட்டது. நாலு பேர் குளிக்கிற படித்துறை அது. வேன், ஆட்டோ, பைக் எல்லாம் கால்வாய்க்கரையில் நின்றன. தர்ப்பணம் செய்து வைக்கிறவர்கள் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தர்ப்பையை நீட்டினார்கள்.

தண்ணீர் விட்டதோடு போனால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்? நம் பக்கம் இன்னொரு பழக்கம் இருக்கிறதே. தோசம் உள்ளவர்கள் தலை முழுகி, உடுத்தின துணியை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, வேறு துணி கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். தோசம் துணியோடு போய்விடும். எங்கே போகும் என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்தானே, அவன் பெரிய கெட்டிக்காரன்! திரும்பிப் பார்த்திருந்தால் அந்தத் துணி எங்கே போய் நிற்கிறது என்று ஒருவனுக்காவது தெரிந்திருக்கும்.

உங்கள் பெரியப்பா பேட்டையிலிருந்து பைக்கில் வந்தார். பட்டறையில் லேத் வேலை பார்க்கிற மனிதர், நூல் பிசகினாலும் இரும்பைத் தூக்கிப் போட்டுவிடுவார். அவ்வளவு கணக்கு. மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே, "ஏலே, ஆத்துல இறங்க விட மாட்டேங்கானுவ. இங்கன வச்சே விட்டுருவோம். அப்பா எங்கன விட்டாலும் வாங்கிக்கிடுவாவ" என்றார். இரண்டு பேரும் நின்று எங்கள் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டோம். அதுவரை எல்லாம் சரி. முழுகி எழுந்தவர் மஞ்சப்பையிலிருந்து வேறு வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, உடுத்தியிருந்த பச்சைக்கரை வேட்டியைச் சுருட்டித் தண்ணீரில் விட்டார். உங்கள் அக்காவுக்கு, அதுதான் அவர் மகளுக்கு, மாப்பிள்ளை அமையவில்லை. தகப்பன் துணியை விட்டால் தோசம் கழியும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, வேண்டாம். இது கால்வாய்லா" என்றேன்.

"தண்ணி ஓடுதுல்லா? ஓடுற தண்ணி எல்லாம் ஒண்ணுதாம்லே."

"ஆறு கடலுக்குப் போவுது. கால்வாய் எங்க போவுது? என் வயலுக்குல்லா வருது!"

"நீ ஒருத்தன். நல்ல காரியம் நடக்கையில வயலு வரப்புன்னுக்கிட்டு. எம்பிள்ளைக்கு ஒரு வழி பொறக்கட்டும்லே. வாயை மூடிக்கிட்டு இரு."

போய்விட்டார். பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. திரும்பினால் தோசமும் கூடவே திரும்பிவிடுமே. அவர் மட்டுமா? படித்துறையிலிருந்து ஏறின அத்தனை பேரும் அப்படித்தான் போனார்கள், விறைத்த கழுத்தோடு. தண்ணீரில் சேலை, சட்டை, துண்டு, பாவாடை. ஒரு பள்ளிக்கூடப் பையனின் யூனிபார்ம் சட்டைகூடப் போனது. அந்தப் பிள்ளைக்கு என்ன தோசமோ. பெற்ற தகப்பனுக்குத் தண்ணீர் விட்ட கை காய்வதற்குள் கூட்டத்துக்கு நடுவில் அண்ணனோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடியும்போது மழை நசநசப்பை விட்டுவிட்டு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாய்ச்சுகிற அண்ணாச்சி குடையும் இல்லாமல் நம் வாசலுக்கு ஓடி வந்தார். வயசானவர், ஊர் மடையெல்லாம் அவர் பொறுப்பு.

"ஏ தம்பி, பலகை இறங்க மாட்டேங்கு. திருகிப் பாத்துட்டேன். அடியில என்னமோ கிடக்கு. வாய்க்கால் வழிஞ்சு உன் வயலுக்குள்ள ஏறிட்டு."

நான் போய்ப் பார்த்தபோது, காயப் போட்டிருந்த வயல் குளமாகக் கிடந்தது. முற்றின கதிர் தண்ணீரில் படுத்துவிட்டது. மடையில் பலகைக்கு அடியில் துணிகள். ஒரு துணி இல்லை, இரண்டு துணி இல்லை. திறந்திருந்த ஒரு சாண் சந்துக்குள் தண்ணீர் இழுத்த இழுப்பில் எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கி, வடக்கயிறு மாதிரி இறுகிக் கிடந்தன. பலகை அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் கால்வாய்த் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தது.

கரையில் நம் பக்கத்து வயல்காரர்கள் குடை பிடித்து நின்றார்கள். அவர்கள் நெல்லும்தான் முழுகிக்கொண்டிருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இறங்குங்கவே, ஆளுக்கொரு பக்கமா இழுத்துருவோம்" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

"என்னவே பாத்துக்கிட்டு நிக்கிய?"

ஒருவர் வாயைத் திறந்தார். "அது தோசம் கழிச்ச துணில்லா. தொட்டா நம்மளப் புடிச்சிரும்வே."

"ஒரு கம்பு வச்சுக் குத்திப் பாரும்" என்றார் இன்னொருத்தர். கம்பும் அவர் கொண்டுவரவில்லை.

"வயலு போவுதேவே!"

"வயலு அடுத்த பூவுக்கு, பிசானத்துக்கு விளையும். தோசம் வந்தா ஏழு தலைமுறைக்கும் நிக்கும்."

விட்டவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இவர்கள் மண்ணில் கிடந்து பாடுபட்டவர்கள். நாற்று நட்ட வெயில் தெரியும், களை எடுத்த முதுகு தெரியும். கண்முன்னால் சோறு முழுகுகிறது. ஒரு பழைய சேலையைத் தொடப் பயந்து குடைக்குள் நிற்கிறார்கள். பீடியை மட்டும் நனையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அவர்களைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அம்மாவிடமும் கேட்காதீர்கள்.

நான் மட்டும் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சு மட்டத்துக்கு இருந்தது, பனிக்கட்டி மாதிரிக் குளிர். நம் ஊர்த் தண்ணீர் புரட்டாசியில் அப்படிக் குளிர்ந்து நான் பார்த்ததே இல்லை. முழுகி இழுத்தால் ஒரு முந்தானை நுனி மட்டும் வரும், மீதி வராது. பல் கிட்டிக்கொண்டது. மூச்சு வாங்க மேலே வந்தபோது உங்கள் அம்மா கரையில் நின்றாள். உங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"ஏளா, நீ இறங்காத. தண்ணி இழுக்கு" என்றேன்.

"நீங்க முழுகி முழுகி ஒத்தையில என்னத்த இழுப்பிய?"

குடைக்காரர் ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார், "ஏ தாயி, பொம்பளப்பிள்ள தொடக் கூடாதும்மா. தோசம்."

"தோசமா? நம்ம வீட்டுக்கு அது வழி தெரியாமலா இருக்கு? பாட்டத்து வயலு, ஒழுகுற வீடு, இந்த மனுசன். இதுக்கு மேல அது வந்து என்ன செய்யப்போவுது அண்ணாச்சி?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற அண்ணாச்சியும் அதைக் கேட்டுவிட்டு, "நானும் செத்தா சாவுதேன்" என்று மடைமேல் ஏறிக் கம்பியைத் திருகிப் பலகையைத் தூக்கினார். நான் அடியில் முழுகிப் பிரித்துவிட, அவள் இழுத்துக் கரையில் எறிந்தாள். ஒவ்வொன்றாக எறிய எறியக் குடைகள் பின்னால் பின்னால் நகர்ந்தன. கடைசியாகப் பலகை ஓடுகிற காடியில் ஒன்று சிக்கிக் கிடந்தது. பலகை அதிலேதான் மாட்டியிருக்கிறது. பல்லால் கடித்து இழுத்தேன். வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் பச்சைக்கரை.

பலகை இறங்கி உட்கார்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் வயலுக்குள் ஏறின தண்ணீர் எங்கே போகும்? மழையும் நிற்கவில்லை, வடிகாலும் நிரம்பிக் கிடந்தது. கதிர் தண்ணீரிலேயே கிடந்தது.

அந்தத் துணிகளை நான் அப்படியே விடவில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் படித்துறைக்குப் பக்கத்தில் ரோட்டோரத்து முள்வேலியில் வரிசையாக விரித்துப் போட்டேன். டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். திரும்பிப் பார்க்காமல் போனார்களே, இப்போது நேராகப் பார்க்கட்டும். மழையில் அவை சொட்டிக்கொண்டே தொங்கின. ஊரில் பெரிய சத்தம். மடையில் நெல் முழுகும்போது வராதவர்களெல்லாம் அதற்கு வந்தார்கள். "ஏலே, ஊராம்பாவத்தை எடுத்தாந்து ஊரு வாசல்ல தொங்க விட்டிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?" என்றார்கள். "பாவம் வேலியில தொங்கினா கண்ணு உறுத்துது, மடையில கிடந்தா உறுத்தலையோ?" என்றேன். தொட்டு எடுத்துப் போடவும் ஆளில்லை, அதுவும் பயம். கத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் யாரோ பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். வந்தார். வேலியில் தன் வேட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. கோபத்தை நான் எதிர்பார்த்தேன். பயத்தை எதிர்பார்க்கவில்லை.

"விட்டதை எடுத்துட்டியேலே. எம்பிள்ளை வாழ்க்கையை எடுத்துட்டியே" என்றார்.

அவர் கையைப் பிடித்து வயலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீரில் கிடந்த ஒரு கதிரை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன். நெல் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. "இது எம்பிள்ளைய சோறு. பாருங்க" என்றேன்.

விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு, "இது மழையால வந்ததுல்லா" என்றார்.

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சேதம் பார்க்க வந்தவர் சொன்னார், டீக்கடையில் சொன்னார்கள், பத்திரிகையிலும் மழை என்றுதான் போட்டிருந்தது. மழை வந்து இல்லை என்று சொல்லுமா? மழை பெய்தது, அதன் வேலை அது. பலகை இறங்கியிருந்தால் நம் வயலில் பாதியாவது தேறியிருக்கும். மழைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை மக்களே.

மிஷின் வரவே இல்லை. நானும் அம்மாவும் தண்ணீர் பாய்ச்சுகிற அண்ணாச்சியும் சேற்றில் நின்று அரிவாளால் அறுத்தோம். ஈரக் கதிரைக் கையாலேயே அடித்து, தேறினதை மூட்டையாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூட்டைக்குள் கையை விட்டால் சூடு பொங்கியது. உடனே பரப்பினால்தான் உண்டு. எங்கே பரப்ப? வெளியே மழை. வீட்டுத் தரை கசிந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் கிழிந்து போயிருந்தது.

அம்மாதான் சொன்னாள், "வேலியில தொங்குதே, அதை எடுத்துட்டு வாங்க." கொண்டுவந்தேன். சோப்புப் போட்டு அலசி, பிழிந்து, அடுப்புக்கு மேலே காட்டிக் காய வைத்தாள். ஊரான் ஊரான் சேலையெல்லாம் நம் வீட்டுக்குள் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் விரிந்தது. சிவப்பு, ஊதா, மாம்பழ மஞ்சள். வாசல் பக்கம் பச்சைக்கரை வேட்டி. அதன்மேல் நெல்லைப் பரப்பி ஃபேனைப் போட்டோம். குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டு நீங்கள் ஓரத்தில் படுத்தீர்கள். எழுந்து எழுந்து நெல்லைக் காலால் கிண்டிவிடச் சொன்னேன். கோடு போட்டு விளையாடினீர்கள். உங்களுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நெல்லைக் குத்தின அரிசி நொறுங்கிப் போனது. வடித்தால் பிசுபிசுத்தது, ஒரு வாடை. தம்பி சின்னப்பிள்ளை, தட்டைத் தள்ளிவிட்டு "சோறு நாறுது" என்றான். அவனை அடித்தேன். அடித்திருக்க வேண்டியது அவனை இல்லை. அந்த வருசம் பூராவும் ரேஷன் அரிசிதான் சாப்பிட்டோம்.

அக்காவுக்கு ஒரு தை போய் அடுத்த தையில் கல்யாணம் ஆனது, உங்களுக்கே தெரியும், போய்விட்டு வந்தோம். பெரியப்பா பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்றார். சமாதானமாகப் போகலாம் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். "நீ அந்த வேட்டியை எடுக்காம இருந்தேன்னா போன ஆவணியிலேயே முடிஞ்சிருக்கும்" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அவர் இப்போதும் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அந்த வேட்டி இந்த வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறதாம். இருக்கிறது. அம்மா அதைக் கிழித்துத்தான் அடுப்படியில் பாத்திரம் பிடிக்கிற துணியாக வைத்திருக்கிறாள்.

இந்த வருசம் புரட்டாசி வழக்கம்போல் காய்கிறது. நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. அமாவாசைக்கு ஆற்றில் இறங்க விட்டார்கள், நம் கால்வாய்க்கு ஒருவரும் வரவில்லை. நான் சந்தோசப்பட்டேன். அப்புறம் அன்றைக்கு ஆற்றுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். சேலைகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. ஆறு கடலுக்குப் போகிறது என்று அண்ணனிடம் பெரிதாகச் சொன்னேனே, கடலுக்கு முன்னால் இன்னும் எத்தனை தடுப்பணை, எத்தனை மடை இருக்கிறது. ஒவ்வொரு மடைக்கும் கீழே என்னை மாதிரி ஒருவன், பலகையைத் திருகிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். நான் போன பிறகு வருசத்துக்கு ஒரு தடவை எனக்கு எள்ளும் தண்ணீரும் விட்டால் போதும். ஜோசியன் என்ன சொன்னாலும் எந்தத் தண்ணீரிலும் எதையும் விடக் கூடாது. உடுத்தின துணியோடு வீட்டுக்கு வாருங்கள். வரும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஈரத்தைப் பிழிந்து கொடியில் போடுங்கள்.